இஷ்ட தெய்வமும் அத்துவைத நெறியும்
கண்டி வழிச் சென்ற ஒரு யாத்திரையின் நினைவு

மலைகள் மதிலாகச் சூழ்ந்து நிற்க, மகாவலி கங்கை அகழியென வளைந்தோட, நடுவே ஏரியொன்று கண்ணாடிபோல் விளங்கும் நம் கண்டி மாநகர், தெய்வங்களுக்குப் பஞ்சமில்லாத ஊராகும். தலதா மாளிகையைச் சுற்றியே நாதர், விஷ்ணு, பத்தினி ஆகிய தேவாலயங்கள் நிற்கின்றன. சற்றுத் தள்ளிக் கதிர்காமத் தெய்வத்தின் தேவாலயம் இருக்கிறது. கட்டுக்கலையிலே செல்வ விநாயகர் எழுந்தருளியிருக்கிறார். மலையேறிச் சென்றால் தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில்களைக் காண்கிறோம். இத்தகைய ஊரிலே வாழும் வாலிபன் ஒருவன், வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனை முடிந்தபின் நம்மை நோக்கி, “ஐயா, உள்ளது பிரமம் ஒன்றே என்று சொற்பொழிவிலே கூறுகிறீர்கள். அப்படியானால் நான் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுவது? கும்பிடத்தான் வேண்டுமா?” என்று கேட்டான். அருகிலிருந்த முதியவர் ஒருவரோ, “தம்பி, பாட்டன் பூட்டன் கும்பிட்ட தெய்வம் வீட்டிலிருக்க, இதில் நீ தெரிவு செய்வதற்கு என்ன இருக்கிறது?” என்றார்.

இருவர் கேள்வியும் நியாயமானவையே. வாதத்தினால் இவற்றுக்கு விடை காண முயல்வதிலும், இந்த நகரத்தினூடாகவே சென்ற ஒரு சரித்திரத்தைப் பின்தொடர்ந்து விடை தேடுவது நன்றென்று நாம் கருதுகிறோம்.

1897ஆம் ஆண்டுத் தை மாதம்

மேனாடுகளிலே வேதாந்த முழக்கம் செய்து மீண்ட சுவாமி விவேகானந்தர், 1897ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆந் திகதி கொழும்பிலே கரையிறங்கினார். தாயகம் திரும்பிய அவர் பாதம் முதலிற் பட்டது நம் ஈழ மண்ணிலேயாம். பொன்னம்பலம் குமாரசுவாமி அவர்கள் மாலையிட்டு வரவேற்றார்கள். கொழும்பிலே இரண்டு சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. 19ஆந் திகதி செவ்வாய்க்கிழமை காலை, தனியாக அமர்த்தப்பட்ட புகைவண்டிப் பெட்டியிலே அவர் கண்டிக்குப் புறப்பட்டார். நிலையத்திலே பெருந்திரளான மக்கள் மேளவாத்தியத்துடனும் கோயிற் கொடிகளுடனும் காத்திருந்து, அவரை ஒரு மாளிகைக்கு ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். வரவேற்புப் பத்திரம் வாசிக்கப்பட்டது. சுவாமிகள் சுருக்கமாக மறுமொழி கூறினார். சிறிது இளைப்பாறி, நகரின் காட்சிகளைக் கண்டு, அன்று மாலையே மாத்தளைக்குப் புறப்பட்டார். கண்டிக்குக் கிடைத்தது ஒரு பகற்பொழுதே. ஆயினும் அந்தப் பகலை நம் முன்னோர் பெரும்பேறாகப் போற்றினர்.

மறுநாட் காலை மாத்தளையிலிருந்து வண்டிப் பயணம் ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாணம் வரை ஏறக்குறைய 200 மைல். தம்புள்ளைக்கு அப்பால் ஓர் இறக்கத்திலே வண்டிச் சில்லு உடைந்தது. மூன்று மணிநேரம் வழியிலே நிற்க நேர்ந்தது. பின்பு மாட்டு வண்டிகள் கிடைத்தன. பலர் நடந்தே சென்றனர். இவ்வாறு காலந்தாழ்த்து அநுராதபுரத்தை அடைந்த சுவாமிகள், புனித வெள்ளரசின் நிழலிலே மக்கட் கூட்டத்துக்குப் பேச எழுந்தார். அங்கே பௌத்தர் சிலர் பேரொலி எழுப்பிக் கூட்டத்தைக் குழப்பினர். அவர்களோடு மோதாது பொறுமை காக்கும்படி இந்துக்களுக்குச் சுவாமிகள் கூறிவிட்டுச் சொல்லிய கருத்து யாது? சிவனென்றும் விஷ்ணுவென்றும் புத்தரென்றும் வேறெப்பெயராலும் வழிபடப்படும் பொருள் ஒன்றே. ஆகையால் பிற சமயத்தாரைப் பொறுத்துக்கொள்வது மாத்திரம் போதாது, அவர்கள்பால் அநுதாபமும் வேண்டும் என்பதாம். கூச்சலிட்டோரின் தெய்வத்தையும் தம் தெய்வத்தோடு ஒன்றென எண்ணும் உள்ளத்துக்கே அவ்வேளையில் அவ்வாறு பேச இயலும்.

பின்னர் யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றி நிகழ்த்திய பேருரையிலே, அவர் இஷ்டம் என்னும் கொள்கையை வெளிப்படையாக விளக்கினார். ஒருவனுக்கு உரிய வழி அவனுடைய இஷ்டம். மற்றொருவனுக்கு வேறு வழி இஷ்டமாகலாம். அதனால் எவரோடும் பிணக்கில்லை. ஆயின் ‘இதுவொன்றே வழி’ என்று பிறர்மீது சுமத்துவதை ஏற்பதற்கில்லை என்பது அதன் சாரம். இஷ்டம் என்னும் சொல்லுக்கு நம் பேச்சுவழக்கிலே ‘விருப்பம்போல்’ என்ற பொருள் வந்துவிட்டது. சாஸ்திரத்திலோ அது வழிபாட்டுக்கு உரியதாகக் கொள்ளப்பட்ட தெய்வத்தைக் குறிக்கும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடுண்டு.

சங்கரர் வகுத்த முறை

அத்துவைதத்தை நிலைநாட்டிய ஆதி சங்கரர், பிரமத்தை இருவகையாக வைத்து உபதேசித்தார். குணங்கடந்து, பெயரும் உருவும் அற்று நிற்பது நிர்க்குணப் பிரமம். அதுவே உபாசகனுடைய தியானத்துக்கு உரியதாகக் குணங்களோடு கூறப்படும்போது சகுணப் பிரமம், அதாவது ஈசுவரன். இவை இரண்டு பொருள்கள் அல்ல. சாளக்கிராமத்திலே ஹரியை வழிபடுவதை உவமையாகக் காட்டி, எங்கும் நிறைந்த பொருளை ஓரிடத்திலே உபாசிக்கலாம் என்பதைப் பிரமசூத்திர பாஷியத்திலே அவரே விளக்கியுள்ளார்.

உபாசனையின் பயன் யாது? மனம் தூய்மையடைதலும், ஒருமைப்படுதலுமேயாம். அலையும் நீரிலே நிலவு துண்டு துண்டாகத் தோன்றுகிறது. கண்டி ஏரியிலே காற்றடிக்கும் இரவில் இதனை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். நிலவுக்கு ஊறொன்றுமில்லை, நீர் அடங்கவேண்டும். அந்த அடக்கத்தைத் தருவது அன்பினாலே ஒன்றிலே ஊன்றிய மனம். உருவமற்றதிலே அன்பை ஊன்றுதல் எல்லார்க்கும் எளிதன்று. ஆதலின் உருவம் வேண்டப்பட்டது.

ஸ்மார்த்த வழக்கிலுள்ள பஞ்சாயதன பூசை இதற்குச் சிறந்த உதாரணம். சிவன், விஷ்ணு, அம்பிகை, சூரியன், விநாயகர் ஆகிய ஐவரையும் ஒரே பீடத்தில் வைப்பர். பூசிப்பவனுடைய இஷ்ட தெய்வம் நடுவில் இருக்கும். மற்றை நால்வரும் நான்கு மூலைகளிலும் இருப்பர். அடுத்த வீட்டிலே வேறொருவர் நடுவில் இருக்கலாம். நடுவிடம் மாறுகிறது, பீடத்தை விட்டு ஒருவரும் வெளியேற்றப்படுவதில்லை. முருகனையும் சேர்த்து ஆறு நெறிகளாகக் கொண்டு, அவற்றை நிலைநிறுத்தியவர் என்று சங்கரரை மரபு போற்றுகிறது.

அத்துவைதத்தை நூலால் நிறுவிய பேரறிஞருள் ஒருவரான மதுசூதன சரஸ்வதி, ‘அத்வைத சித்தி’ என்னும் நுண்ணிய தருக்க நூலை இயற்றியவர். அவரே கண்ணனிடத்தில் உருகிய பக்தருமாவார். நம் காலத்துக்கு அண்மையில், ‘நான் யார்?’ என்ற விசாரணையைப் போதித்த ரமண மகரிஷிகள் அருணாசலத்தைத் தந்தையென்று பற்றி, 1896ஆம் ஆண்டு தொடங்கி 1950ஆம் ஆண்டு வரை அம்மலையை விட்டு நீங்காதிருந்தார்கள். ஞானம் முற்றியவர்களே இவ்வாறிருந்தால், தொடக்கத்தில் நிற்கும் நாம் ‘உருவம் எமக்கு வேண்டாம்’ என்று சொல்வது பொருந்துமா?

உருவமில்லாத ஓர் ஆசிரமம்

எனினும் மறுபக்கமும் ஒன்றுண்டு. 1897இல் சுவாமிகளோடு ஈழத்துக்கு வந்தவர்களுள் கப்பித்தான் செவியர் என்னும் ஆங்கிலேயரும் அவர் மனைவியாரும் இருந்தனர். தம்புள்ளை வழியிலே வண்டி உடைந்தபோது மூட்டை முடிச்சுகளோடு மாட்டு வண்டியில் அமர்ந்து சென்றவர் அந்த அம்மையாரேயாவர். இவ்விருவருமே 1899ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், இமயமலைச் சாரலில் மாயாவதி என்னுமிடத்திலே அத்துவைத ஆசிரமம் அமையக் காரணராயினர். அங்கே விக்கிரகமும் பூசையும் கூடாது. ஒருமைத் தத்துவம் ஒன்றே பயிலப்படவேண்டும் என்பது சுவாமிகளின் விதி.

1900ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கப்பித்தான் செவியர் காலமானார். அம்மையாருக்கு ஆறுதல் கூற 1901ஆம் ஆண்டு ஜனவரியில் சுவாமிகள் பனியிலே மலையேறிச் சென்றார். சென்றவர் கண்டது, ஓர் அறையிலே ஸ்ரீ ராமகிருஷ்ணரின் படம் வைத்துப் பூசை நடப்பதை! தம் குருதேவரின் படமேயாயினும் சுவாமிகள் அதை விரும்பவில்லை. விதிக்கு மாறானதென எடுத்துரைத்தார். பின்னர் அப்பூசை நின்றது. அன்பர் ஒருவர் மனம் ஆறாது அன்னை சாரதா தேவியாருக்கு எழுதிக் கேட்க, ‘குருதேவர் அத்துவைதியே, அவர் சீடராகிய நீங்களும் அத்துவைதிகளே’ என்னும் பொருள்பட அன்னையார் 1902ஆம் ஆண்டிலே விடை தந்தார்கள்.

இதனைக் கொண்டு சுவாமிகள் உருவ வழிபாட்டை மறுத்தார் என எண்ணுவோர் பெரிதும் தவறுவர். காளியன்னையை முதலில் ஏற்க மறுத்த நரேந்திரர், தந்தையார் 1884இல் இறந்து குடும்பம் வறுமையுற்றபோது, பொருள் வேண்டுமென்று கேட்கக் கோயிலுக்குட் சென்று, மும்முறையும் விவேகமும் வைராக்கியமுமே கேட்டு மீண்ட கதை நாம் அறிந்ததே. 1898ஆம் ஆண்டிலே காச்மீரத்துக் கீர்பவானி கோயிலில் அவர் குழந்தைபோல் வழிபட்டார். ஓரிடத்திலே படத்தை விலக்கியவரும், மற்றோரிடத்திலே அன்னையின் திருவடியில் அழுதவரும் ஒருவரே. உருவமற்ற வழியை இஷ்டமாகக் கொண்டவர்க்கும் உலகில் ஓரிடம் வேண்டும் என்பதே மாயாவதியின் கருத்து. உருவத்தை ஒருவர்மேல் சுமத்தல் தகாதாயின், அருவத்தைச் சுமத்தலும் தகாது.

இம்மாயாவதிக்கும் ஈழத்துக்கும் மற்றுமோர் உறவுண்டு. கண்ணகியம்மன் வழிபாடு தழைத்த காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1939ஆம் ஆண்டு முதல் சில காலம் மாயாவதியிலே தங்கி, ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராயிருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். கண்ணகியின் ஊரிலே பிறந்தவர், விக்கிரகமே இல்லாத மலையிலே பணிசெய்தார். அதே கண்ணகிதான் கண்டியிலே பத்தினித் தெய்வமாக இன்றும் பெரஹராவில் பவனி வருகிறாள் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் சிலிர்க்கிறது.

மன்னன் பூசிய திருநீறு

தெய்வத்தைத் தெரிவது தனியொருவனின் அகத்துள் நிகழ்வதாயினும், புறத்தே அது இடர் விளைப்பதுமுண்டு. 1739ஆம் ஆண்டு தொடங்கி 1815 வரை கண்டியை ஆண்டவர் தென்னாட்டிலிருந்து வந்த நாயக்க மரபினர். அவருள் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன், 1747 முதல் 1782 வரை அரசோச்சினான். 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வருவித்துப் பௌத்த சங்கத்தை மீண்டும் தழைக்கச் செய்தவன் இவனே. தேவாலயங்களின் விழாவாயிருந்த எசல பெரஹராவிலே புனித தந்தம் முதலிடம் பெற்றதும் இவன் காலத்திலேதான் என்பர். இத்தனை செய்தும், 1760ஆம் ஆண்டிலே இவனுக்கெதிராகச் சதியொன்று எழுந்தது. அரசன் திருநீறு பூசுவதை விடவில்லை என்பது அப்போது கூறப்பட்ட குற்றங்களுள் ஒன்று. சதி வெளிப்பட்டது, அரசன் பிழைத்தான்.

இம்மன்னன் அத்துவைதி என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் தன் குலத்துக்குரிய வழிபாட்டை விடாது காத்து, குடிகளின் சமயத்தையும் முழுமனத்தோடு போற்றிய வாழ்வு அவனுடையது. தன் தெய்வத்திலே உறுதியுள்ளவனே பிறர் தெய்வத்தை அச்சமின்றிப் போற்றவல்லவன். உறுதியில்லாதவனோ, அயலான் கோயில் மணியொலி கேட்டாலும் கலங்குவான்.

கம்பளை அரசின் காலத்தில் 1344ஆம் ஆண்டிலே எழுந்த கடலாதெனியா விகாரையைக் காணச் செல்லும் வாலிபர்கள் இதனைக் கல்லிலே கண்டறியலாம். தென்னாட்டுச் சிற்பியாகிய கணேசுவராசாரியின் கைவண்ணமான அவ்விடத்திலே, புத்தர் பிரானுடைய சந்நிதிக்குப் பக்கத்தே விஷ்ணுவுக்கும் சந்நிதியுண்டு.

குலதெய்வமும் இஷ்ட தெய்வமும்

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். குலதெய்வம் பிறப்பினால் வருவது. இஷ்ட தெய்வம் உள்ளத்தின் பக்குவத்தினால் அமைவது. பலருக்கு இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடும். அது பெரும் பாக்கியம். சிலருக்கு வேறாகலாம். அப்போதும் குலதெய்வத்தின் விளக்கை அணைக்கவேண்டியதில்லை.

கோப்பிப் பயிருக்காகவும், 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையிலே தொடங்கிய தேயிலைப் பயிருக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து இம்மலைகளுக்கு வந்த மக்கள், கையிலே கொண்டுவந்த பொருள் சிறிது. நெஞ்சிலே கொண்டுவந்தது மாரியம்மனை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையும் அந்தத் துயர் முற்றாகத் தீரவில்லை. நாட்டுரிமையைப் பறிக்க முடிந்தது. தெய்வ உரிமையைப் பறிக்க ஒருவராலும் முடியவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே தாக்குண்டு சேதமுற்றும், மீண்டும் எழுந்து, மாசி மகத்திலே ஐந்து தேர்கள் உலாவரக் காட்சி தருகிறாள். தேர் எரியலாம்; தெய்வம் எரிவதில்லை. இதைத் தத்துவமாக அறிந்தவன் வேதாந்தி. அன்பினால் அறிந்தவள் கூடை சுமக்கும் தாய். இருவருள் யார் உயர்ந்தவர் என்று கேட்பது வீண்.

நகரத்திலே கற்ற நம்மவருட் சிலர், தோட்டத்துத் தெய்வங்களைத் தாழ்வாகப் பேசும் வழக்கமுண்டு. உயிர்ப்பலி முதலிய வழக்கங்களை ஆறுமுக நாவலர் (1822–1879) கண்டித்தார். அது வேண்டிய சீர்திருத்தமே. ஆனால் வழக்கத்தைத் திருத்துவது வேறு. ஒருவன் நெஞ்சிலிருக்கும் தாயை இகழ்வது வேறு. எல்லாம் ஒன்றென்று மேடையிலே முழங்கிவிட்டுப் படியிறங்கியதும் மாரியை இகழ்பவன், எந்த ஒருமையைக் கண்டான்?

சைவ சித்தாந்தப் பெரியோர்களின் ஐயத்தையும் நாம் மறைத்தல் கூடாது. அவர்களுக்குச் சிவபெருமான் ஐவருள் ஒருவரல்லர், முழுமுதற் பதி. அத்துவிதம் என்னும் சொல்லுக்கும் மெய்கண்டார் கண்ட பொருள் வேறு: இறைவனும் உயிரும் பொருளால் ஒன்றுமல்ல, பிரிந்து நிற்கும் இரண்டுமல்ல. ஆகவே ‘எதை வேண்டுமாயினும் தெரிந்துகொள்’ என்பது அவர்க்கு உடன்பாடன்று. இவ்வேறுபாட்டை மெழுகிப் பூசி மறைப்பதால் நன்மையில்லை. எனினும் அந்நெறியிலும், நடராசராகவும் சோமாஸ்கந்தராகவும் தட்சிணாமூர்த்தியாகவும் ஒரே பதி அடியவர் உள்ளத்துக்கேற்ப வடிவு கொள்வதை அவர்கள் போற்றுகிறார்கள். வேதாந்த சித்தாந்த சமரசம் கண்ட தாயுமானவர், மௌனகுருவின் சீடராய், தட்சிணாமூர்த்தியைப் போற்றி உருகியவர். இரு நெறியாருக்கும் உறவு பாராட்ட அவரிலும் சிறந்த பாலம் வேறில்லை.

தெரிவு எங்ஙனம்?

வாலிப அன்பர்களே! சந்தையிலே சட்டை தெரிவதுபோல் தெய்வத்தைத் தெரிதல் ஆகாது. பெரியோர் வகுத்த முறைகள் சில உண்டு. முதலாவது, குருவின் கட்டளை. நல்ல குரு வாய்த்தவனுக்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை. இரண்டாவது, குல வழக்கம். காரணமின்றி அதை மாற்றவேண்டாம். மூன்றாவது, தன் இயல்பு. துயருற்ற வேளையிலே எந்தப் பெயர் நினையாமலே நாவில் எழுகிறதோ, அங்கே நம் அன்பு முன்னரே வேரூன்றியிருக்கிறது என்று அறியலாம்.

தெரிந்தபின் மாற்றுதல் கூடாது. கொழும்பிலிருந்து வருபவன் கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கண்டியை அடைகிறான். வடக்கிலிருந்து வருபவன் மாத்தளை வழியாகவும், நுவரெலியாவிலிருந்து வருபவன் கம்பளை வழியாகவும் அடைகிறார்கள். மூவரும் வந்து சேர்வது ஒரே நகரம். ஆனால் கடுகண்ணாவையின் பாதி ஏற்றத்திலே, ‘மாத்தளை வழி அழகானதாமே’ என்று திரும்புபவன் எந்நாளிலும் கண்டியைக் காணான்.

முடிவிலே அந்த உருவம் என்னவாகும்? தோதாபுரி என்னும் அத்துவைத சந்நியாசி ஸ்ரீ ராமகிருஷ்ணருக்கு உபதேசித்தபோது, மனத்தை முற்றாக ஒடுக்க முயலுந்தோறும் காளியன்னையின் திருவுருவம் எதிரே நின்றது என்பது அவர் சரிதம். கடைசியில் ஞானமென்னும் வாளால் அவ்வுருவத்தையும் கடந்து, அவர் சமாதியில் அமிழ்ந்தார். பதினொரு மாதம் அங்கே தங்கிய தோதாபுரியோ, முன்பு மாயையென்று எண்ணிய அன்னையை வணங்கியே விடைபெற்றார். சீடன் உருவத்தைக் கடந்தான். ஆசான் உருவத்தை வணங்கினார். இவ்விரண்டும் ஓரிடத்தில் நிகழ்ந்தமையே நம் வாலிபனின் கேள்விக்கு விடையாகும். கும்பிடத்தான் வேண்டும், கும்பிடுபவனும் கும்பிடப்படுவதும் வேறல்ல என்னும் அறிவு கனியும்வரை கும்பிடவேண்டும். கனிந்தபின் அந்த அன்பை விடச்சொல்வார் எவருமில்லை.

அன்று கண்டியிலே ஒரு பகல் தங்கிச் சென்ற சந்நியாசி, அநுராதபுரத்துக் கூச்சலின் நடுவிலே காட்டிய பொறுமையே இஷ்ட நிஷ்டையின் உரைகல். நம் தெய்வத்திலே நமக்குப் பற்று வளர்ந்திருக்கிறதா என்பதை அறிய, அடுத்தவர் தெய்வத்தினிடம் நமக்குப் பகை குறைந்திருக்கிறதா என்று பார்த்தாற் போதும். இந்த ஆண்டிலே நம் சங்கத்து வாலிபர் ஒவ்வொருவரும் ஒரு நாமத்தைப் பற்றி, நாள்தோறும் சிறிது நேரமேனும் தனித்திருந்து ஓதுவார்களாக. முதியோர், பிள்ளைகள் பற்றிய பெயர் எதுவாயினும், அதனை வாழ்த்துவார்களாக.

ஒன்றாய் நின்று பலவாய் அருளும் பரம்பொருளின் திருவடி வாழ்க!